கிராஃப்ட் ஃபிக்ஸேஷன்: ‘ஒட்டுப் பிடிமானம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முழங்காலில் அறுந்த முன் சிலுவைத் தசைநாருக்குப் (ACL) பதிலாக வேறொரு நாணை ஒட்டாக வைக்கும் மறுசீரமைப்பு அறுவையில், அந்த ஒட்டை எலும்பில் பிடித்து நிறுத்துவதைக் ‘கிராஃப்ட் ஃபிக்ஸேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘ஒட்டு நிலைநிறுத்தம்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் அறுவையில் நடப்பதை அது சரியாகச் சொல்லவில்லை.

தொடையின் பின்பக்கத் தசைநாணையோ, முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள நாணையோ எடுத்து, தொடையெலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் போட்ட துளைகளுக்குள் செலுத்துகிறார்கள். (தசையை எலும்போடு இணைப்பது நாண், எலும்பை எலும்போடு இணைப்பது நார்; இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன். நாணை எடுத்துத்தான் நாரின் இடத்தில் வைக்கிறார்கள்; இரண்டும் ‘நார்’ என்றால் வாக்கியமே குழம்பிவிடும்.) அந்த நாண் எலும்போடு ஒன்றிப்போக, முனையில் எலும்புத்துண்டு இருந்தால் ஏறக்குறைய 6 முதல் 8 வாரம், வெறும் நாணாக இருந்தால் 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை நழுவாமல் காப்பது திருகோ பொத்தானோதான். அந்த வாரங்களில் பலவீனமான இடம் ஒட்டு அல்ல, அதைப் பிடித்திருக்கும் இடம். கணைக்கால் எலும்புப் பக்கம் இன்னும் சிக்கல்: அங்கே எலும்பின் அடர்த்தி குறைவு, இழுவிசையும் துளையின் திசையிலேயே வருகிறது. ‘நிலை’ என்று தொடங்கும் சொல், எல்லாம் அன்றே முடிந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தருகிறது.

‘பிடிப்பு’ம் வேண்டாம். முழங்கால் நோயாளியிடம் அதைச் சொன்னால், மூட்டு மடங்காமல் இறுகிப்போனதாகவே எடுத்துக்கொள்வார். ‘பிடிமானம்’ என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. ‘பிடிமானம் விட்டுப்போச்சு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, திருகு தளர்ந்து ஒட்டு நழுவுவதற்கும் அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது, இன்டர்ஃபியரன்ஸ் ஸ்க்ரூ. ‘குறுக்கீட்டுத் திருகு’ என்பதை நான் ஏற்கவே மாட்டேன். அது எதிலும் குறுக்கிடுவதில்லை. துளைக்குள் நாணுக்குப் பக்கத்தில் இறங்கி, நாணைச் சுவரோடு வைத்து நெருக்குகிறது. மரை கூராக இருந்தால் நாணையே அறுத்துவிடவும் கூடும். செய்வது ஆப்பின் வேலைதான். ஆனாலும் ‘ஆப்புத் திருகு’ என்று ஒப்புதல் படிவத்தில் எழுத முடியாது, பேச்சில் அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது. ‘நெருக்குதிருகு’ என்று வைத்துக்கொள்வோம். டைட்டானிய நெருக்குதிருகு, கரையும் நெருக்குதிருகு என்று அடைமொழியும் எளிதாகச் சேருகிறது.

சஸ்பென்சரி வகைக்குத் ‘தொங்கு பிடிமானம்’. நாண் ஒரு கண்ணியில் மாட்டியிருக்கும். கண்ணியின் மேல்முனையிலுள்ள சின்ன உலோகப் பொத்தான் துளை வழியே நெடுக்காக வெளியேறி, எலும்பின் வெளிப்பரப்பில் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். பிடிக்கும் இடம் மூட்டிலிருந்து தள்ளி இருப்பதால் நாண் துளைக்குள் நீளவாக்கிலும் பக்கவாட்டிலும் அசையலாம்; துளை அகன்றுபோவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு வழங்கும் பஞ்சிக் கயிறு (இழுத்தால் நீண்டு சுருங்கும் மீள்கயிறு), கார் வைப்பர் உவமைகளை நாம் சுமக்க வேண்டாம். ‘நீளசைவு’, ‘பக்க அசைவு’ போதும்.

துளைக்குக் குறுக்கே செருகி ஒட்டைப் பிடிக்கும் கிராஸ் பின்னுக்குக் ‘குறுக்கூசி’ சரி, அதில் மாற்றுக் கருத்து இல்லை.

அப்புறம், நீளம் மாறாத கண்ணிக்கு ‘மாறாக் கண்ணி’ என்றால், இழுத்து இறுக்கும் வகைக்கு ‘சுருக்குக் கண்ணி’ எனலாமா? நோயாளி காதில் அது தூக்குக்கயிறு போல விழுமோ என்றுதான் தயக்கம். அறுவை அரங்கில் இருப்பவர்கள் இதற்குப் பேச்சுவாக்கில் ஏதாவது சொல்வதுண்டென்றால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.