தஞ்சாவூருக்கு ஒரு நாள்: மூன்று கோயிலா, ஒரே ஊரா?

ரயில்பயணி:
அடுத்த ஞாயிறு விடிகாலை உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூரில் இறங்கி, அன்று இரவே அதே வண்டியில் சென்னை திரும்புகிறோம், நானும் அம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. வாடகைக் கார் பிடித்துப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றையும் முடித்துவிடலாமா?

மேலவீதிக்காரன்:
"முடித்துவிடலாமா" என்று கேட்கும்போதே பகீரென்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். போய், தாராசுரம் பார்த்துத் திரும்புவதற்குள் பாதி நாள் காருக்குள்ளேயே போய்விடும். உச்சி வெயிலில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், சிற்பம் பார்க்க மாட்டீர்கள், நிழல்தான் தேடுவீர்கள். பேசாமல் ஊருக்குள்ளேயே இருங்கள்.

கொள்ளிடம்:
உள்ளூர்க்காரர்கள் சொல்வதற்கென்ன, நினைத்த நாளில் போவீர்கள். எங்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் ஊர். நான் மூன்றையும் ஒரே நாளில்தான் பார்த்தேன், வருத்தமில்லை. தஞ்சைக் கோயிலின் விமானம், அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரம், 216 அடி, கோடு போட்டது மாதிரி நேராக ஏறும். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டியது உயரத்தில் கொஞ்சம் குறைவு, உள்வாங்கி வளைந்து ஏறும். காலையில் ஒன்றையும் பத்தரைக்கு மற்றதையும் பார்த்ததால்தான் அந்த வளைவு என் கண்ணில் பட்டது. அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும்.

மேலவீதிக்காரன்:
நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், வெண்கலச் சிலையாகச் சிவன், இருக்கிறார், பார்த்தீர்களா? பாம்பு சுற்றிய தலைப்பாகை மாதிரி சடை. ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே போட்டு, ஒரு கையை மடக்கிக் காளைமேல் சாய்த்து நிற்கிறார். காளை மட்டும் இல்லை! காற்றில் சாய்ந்திருக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நிற்கலாம். கார்க்காரர் கீழே ஹாரன் அடித்தால் நடக்குமா?

பொன்னி:
பெரிய கோயிலுக்குக் காலையில் போக வேண்டாம். மாலையில்தான் கல் பொன்னிறமாகும், புல்தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்புறம், கோபுர நிழல் தரையில் விழாது என்பார்களே, அதையும் நேரில் பார்த்துவிடலாம்.

கொள்ளிடம்:
நிழல் விழாதா? போன முறை காலை எட்டரை மணிக்கு விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கத்தில், அந்த நிழலில்தான் என் மாமியாரை உட்கார வைத்திருந்தேன் அம்மா. உச்சிக்கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அந்த ரகம்தான், பல கற்களைச் சேர்த்துச் செய்தது. இதை எடுத்துச் சொன்னதற்கு எங்கள் வழிகாட்டி அரை நாள் என்னோடு பேசவே இல்லை.

மேலவீதிக்காரன்:
இந்த ஒரு விஷயத்தில் கொள்ளிடம் பக்கம் நான். கட்டி முடித்த 1010இலிருந்து நிழல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கட்டுக்கதையை விடுங்கள், கல்வெட்டைக் கேளுங்கள். கோயிலில் ஆட 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்து, யாருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறான்.

பொன்னி:
சரி, நிழலை வாபஸ் வாங்குகிறேன். பொன்னிறத்தை வாங்க மாட்டேன்.

மேலவீதிக்காரன்:
ரயில்பயணி, இரண்டு முறை போங்கள். கோயில் கிழக்கு பார்த்தது, காலை வெயில் முகப்பில் அடிக்கும். மதியம் நடை சாத்தும் நேரத்தில் அரண்மனை, சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். சாயங்காலம் பொன்னி சொன்ன புல்தரை. நடுவில் தெம்பிருந்தால் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் கட்டிய ஷ்வார்ட்ஸ் தேவாலயம். ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் மரணப் படுக்கையருகே சரபோஜி மன்னர் நிற்பதைச் சலவைக்கல்லில் செதுக்கியிருப்பார்கள்.

கொள்ளிடம்:
இதுவும் ஓட்டம்தானே, ஊருக்குள்ளேயே ஓடுகிறீர்கள்.

ரயில்பயணி:
அம்மாவிடம் இரண்டு திட்டத்தையும் படித்துக் காட்டினேன். "மத்தியானம் படுக்க இடம் இருக்கிறது எது?" என்றார். ஆக, ஊருக்குள்ளேதான். கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தனியாக வருகிறேன், கொள்ளிடம் கோபிக்க வேண்டாம். பேத்திக்கு ராஜா ராணி பொம்மை வேண்டுமாம். பார்த்து வாங்குவது எப்படி?

மேலவீதிக்காரன்:
கடையிலேயே தரையில் வைத்து, தலையைத் தொட்டுச் சாய்த்துவிடுங்கள். தானாக நிமிராவிட்டால் அடுத்த கடை.