தம்பியால் டிராமடால் வலி மாத்திரையை விட முடியவில்லை: எங்கே காட்டலாம்?

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி விசைப்படகில் கடலுக்குப் போகிறவன், வயது 34. எட்டு மாதங்களுக்கு முன் வலை இழுக்கும்போது வழுக்கி விழுந்து முதுகில் பலத்த அடி. டாக்டர் எழுதியது டிராமடால் 50 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, பத்து நாளைக்கு மட்டும். இன்று ஒரு நாளைக்கு எட்டு விழுங்குகிறான். 400 மில்லிகிராம்! அதைத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து கூடும். 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் இருக்கும் மருந்து இது. ஆனாலும் ஒரு கடையில் சீட்டில்லாமலே கொடுக்கிறார்கள்.

மாத்திரை அட்டைகளை ஒளித்து வைத்தேன். இரண்டாம் நாளே மூக்கும் கண்ணும் ஒழுக, பாயில் காலை உதைத்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தான். பயந்துபோய் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். திடீரென்று நிறுத்தக்கூடாது, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. பாராசிட்டமால், பிசியோதெரபி இரண்டும் பார்த்தாயிற்று, வலி போகவில்லை. அவன் போதைக்காகத் தொடங்கியவன் இல்லை, வலிக்காகத் தொடங்கியவன். ஊரார் அதைப் புரிந்துகொள்வதில்லை.

ஏப்ரல் 15 தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில்தான் இருப்பான், சிகிச்சைக்குச் சம்மதித்திருக்கிறான். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ முதுகுவலிக்கும் மாத்திரைப் பழக்கத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தரும் புறநோயாளிப் பிரிவு எங்கே இருக்கிறது?