மாற்றுத்திறனாளிகள் கொள்கை பத்தின கூட்டு ஆராய்ச்சியில அவங்க அமைப்புக்கு என்ன இடம் கேக்கணும்?

முதலாண்டு_ஆய்வாளர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சமூகவியல்ல பிஎச்டி முதல் வருஷம். எங்க துறையும் வேற ரெண்டு யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி ஆரம்பிக்கறோம், மாற்றுத்திறனாளிகளுக்கு உயர்கல்வியிலயும் வேலையிலயும் சட்டம் தர்ற உரிமை எல்லாம் நடைமுறையில எங்க நின்னு போகுதுன்னு பாக்கறதுதான் நோக்கம். நிதி விண்ணப்பம் இப்பதான் எழுதிட்டு இருக்கோம். அதுல மாற்றுத்திறனாளிகளே நடத்துற ஒரு அமைப்ப ஆலோசனைக் குழுவுல போட்டு வருஷத்துக்கு ரெண்டு மீட்டிங் வெச்சா போதும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பல, ஆனா அதுக்குப் பதிலா என்ன கேக்கணும்னு தெளிவா சொல்லவும் வரல. இதுல வேலை பாத்தவங்க சொல்லுங்க. இன்னொரு கேள்வி, இப்படி செய்யற ஆராய்ச்சி கொள்கைய மாத்துமா, இல்ல ஜர்னல்ல வந்ததோட சரியா?

புள்ளியெழுத்து:
நான் பார்வையற்றவன், இந்த மாதிரி ஆராய்ச்சிகள்ல பதில் சொல்றவனாவும் இருந்திருக்கேன், ஒண்ணுல கோ-ரிசர்ச்சராவும் வேலை செஞ்சிருக்கேன். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேள்விய யார் முடிவு பண்றாங்கங்கறதுதான். விண்ணப்பம் போனதுக்கு அப்புறம் எங்களக் கூப்பிட்டா கேள்வி, பட்ஜெட், கால அளவு எல்லாம் பூட்டியாச்சு, அப்புறம் நாங்க சொல்றதுக்கு என்ன மிச்சம் இருக்கும்? அதனால நீங்க இப்ப விண்ணப்பம் எழுதற கட்டத்துலயே கேக்கறது ரொம்ப சரியான நேரம்.

இதுல ஒரு பழைய கதை இருக்கு, உங்க சீனியர்ஸ்கிட்ட சொல்லலாம். 1960கள்ல இங்கிலாந்துல லெ கோர்ட்னு ஒரு மாற்றுத்திறனாளிகள் இல்லம், அங்க இருந்தவங்க தங்க அன்றாட வாழ்க்கைய தாங்களே முடிவு பண்ணணும்னு நிர்வாகத்தோட போராடிட்டு இருந்தாங்க, ஆராய்ச்சியாளர்கள் வந்து பாத்தா தங்க நியாயம் வெளிய வரும்னு நம்பி அவங்களே கூப்பிட்டாங்க. வந்தவங்க 1972ல வெளியிட்ட முடிவுல, இந்த மாதிரி இல்லங்கள்ல இருக்கறவங்க சமூகத்தப் பொறுத்தவரை இறந்தவங்கதான்னு எழுதி, இல்லத்த இன்னும் நல்லா எப்படி நடத்தலாம்னு நிர்வாகத்துக்கு யோசனை சொல்லிட்டுப் போனாங்க. அங்க முன்னாடி இருந்த பால் ஹண்ட் அதே 1972ல பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி மாற்றுத்திறனாளிகளே நடத்துற ஒரு சங்கத்துக்கு ஆள் சேத்தார். அந்தச் சங்கம் 1976ல வெளியிட்ட கொள்கை அறிக்கைதான், எங்கள முடக்குறது எங்க உடம்பு இல்ல, எங்கள ஒதுக்கி வெச்சிருக்கற சமூக அமைப்புதான்னு அடிச்சு சொன்னது. இன்னைக்கு யுனிவர்சிட்டியில மாற்றுத்திறனாளிகள் பத்தின படிப்புல அது ஒரு அடிப்படைப் பாடம். ஆராய்ச்சியால ஏமாந்தவங்க உருவாக்கின சிந்தனை அது, இத மறக்காதீங்க.

சரி, நீங்க கேக்க வேண்டியது: அமைப்புலருந்து ஒருத்தர் இணை முதன்மை ஆய்வாளரா, அதாவது ஆராய்ச்சிய சேந்து தலைமை தாங்கறவரா இருக்கணும், அமைப்புக்குன்னு பட்ஜெட்ல தனியா பணம் ஒதுக்கணும், டேட்டா யாருக்குச் சொந்தம்னு எழுத்துல இருக்கணும். செலவ அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, சைகை மொழி மொழிபெயர்ப்பாளர், வீல்சேர் ஏறுற வண்டி, உதவியாளர் கூலி இதெல்லாம் முதல் நாள்லயே எழுதலன்னா கடைசி வரைக்கும் வராது. ரிப்போர்ட்ட ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்-ஆ அனுப்பாதீங்க, எழுத்தப் படிச்சுக் காட்டுற என் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம், நான் சொன்ன பதிலையே என்னால படிக்க முடியாத நிலைமை வந்திருக்கு, அந்த வருத்தம் இன்னும் போகல.

எண்ணும்_வேலை:
சர்வே பக்கத்துலருந்து கொஞ்சம் சொல்றேன். "உங்களுக்கு ஊனம் இருக்கா, ஆம் / இல்லை"ன்னு கேக்காதீங்க, நிறையப் பேரு வெக்கத்துலயோ, தனக்கு இருக்கறத அப்படி நினைக்காததாலயோ இல்லன்னு சொல்லிடுவாங்க. ஐநா புள்ளியியல் ஆணையம் 2001ல அமைச்ச வாஷிங்டன் குழுவோட ஆறு கேள்வி இருக்கு: பாக்கறது, கேக்கறது, நடக்கறது, ஞாபகம் வெச்சுக்கறது, தன்னைக் கவனிச்சுக்கறது, மத்தவங்களோட பேசிப் புரிஞ்சுக்கறது. ஒவ்வொண்ணுலயும் சிரமம் இல்ல, கொஞ்சம் சிரமம், ரொம்ப சிரமம், முடியவே முடியாதுன்னு நாலு பதில். பல நாடுகள்ல ஒரே மாதிரி கேக்கறதால ஒப்பிட முடியும், மூணு யுனிவர்சிட்டி சேர்ந்து செய்யறப்ப அது பெரிய உதவி. ஆனா மனநலம் சம்பந்தப்பட்டவங்கள இந்த ஆறு கேள்வி சரியா பிடிக்காது, அதுக்குத் தனியா சேர்க்கணும்.

கொள்கைய மாத்துமான்னு கேட்டீங்க. தானா மாத்தாது. ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006ல வந்தது, அதுல 31வது பிரிவு இந்த டேட்டாவ அரசு சேகரிச்சு, அவங்களுக்கே எட்டுற வடிவத்துல திருப்பித் தரணும்ங்குது, 4வது பிரிவு அவங்கள நேரடியா ஈடுபடுத்தித்தான் கொள்கை போடணும்ங்குது. கையெழுத்துப் போட்டு உறுதி செஞ்ச நாடு ஒவ்வொண்ணும் குறைஞ்சது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஐநா குழுவுக்கு அறிக்கை தரணும், அப்ப மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் தங்க பக்கத்த சொல்ற மாற்று அறிக்கை தரலாம். உங்க முடிவு அந்த நேரத்துக்குத் தயாரா அவங்க கையில இருந்தா வேலை செய்யும், ஜர்னல்ல மட்டும் இருந்தா அமைச்சகத்துல யாரும் தேடிப் படிக்க மாட்டாங்க. உலகத்துல 130 கோடிப் பேரு, ஆறுல ஒருத்தர்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அந்தப் பெரிய எண்ண எல்லாரும் மேடையில சொல்லிட்டாங்க. ஒரு கல்லூரியில எத்தனை பேர் சேந்து எத்தனை பேர் ரெண்டாம் வருஷத்துலயே நின்னாங்க, ஏன் நின்னாங்கங்கற சின்ன எண்ணுதான் அதிகாரிய பதில் சொல்ல வெக்கும்.

தங்கச்சிக்காக:
என் தங்கச்சிக்கு அறிவுசார் குறைபாடு. ஆராய்ச்சின்னு வந்தவங்க எல்லாரும் என்னையும் அம்மாவையும்தான் கேட்டாங்க, அவ பக்கத்துலயே உக்காந்திருந்தா. ஆராய்ச்சிக்கு அனுமதி தர்ற எத்திக்ஸ் கமிட்டி பாதுகாப்புக்குன்னு சொல்லி இவங்கள ஒட்டுமொத்தமா வெளிய நிறுத்திடுது, அதுல உங்க டீம் வாதாடணும். எளிய வாசிப்பு வடிவத்துல, ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம், பக்கத்துல படம், பெரிய எழுத்துன்னு சம்மதப் படிவம் குடுத்தா அவளுக்குப் புரியும், வேணாம்னா வேணாம்னு சொல்லவும் தெரியும். ஒரே நாள்ல கையெழுத்து வாங்காம ஒவ்வொரு தடவையும் திரும்பக் கேளுங்க.

முதலாண்டு_ஆய்வாளர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த அமைப்போட பேசிட்டேன், விண்ணப்பத்த அவங்களோட உக்காந்து எழுதலாம்னு சொல்லியிருக்காங்க. அடுத்த மீட்டிங்ல பட்ஜெட் பக்கத்தத்தான் முதல்ல எடுக்கப் போறேன். சைகை மொழி மொழிபெயர்ப்பாளர் ரெண்டு பேரு வேணும்னு அமைப்புல சொல்றாங்க, ஒருத்தர் போதாதா, எதுக்கு ரெண்டு பேருன்னு சீனியர்ஸ் நிச்சயம் கேப்பாங்க, என்ன சொல்லணும்?

புள்ளியெழுத்து:
கேட்டுக்கிட்டே அதே நேரத்துல கையால மாத்திச் சொல்ற வேலை, இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா மூளை களைச்சு தப்பு வரும், அதனால மாறி மாறி செய்வாங்க, நீளமான மீட்டிங்குக்கு ரெண்டு பேரு வெக்கறது வழக்கம். ஒருத்தர வெச்சு மூணு மணி நேரம் ஓட்டினா கடைசி ஒரு மணி நேரம் காது கேளாத உறுப்பினருக்குப் பாதிதான் போய்ச் சேரும், முடிவு எடுக்கறதும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துலதான்னு சொல்லுங்க.