ஸ்கெட்ச் நோட்டு ஒவ்வொன்றும் பாதியில் நிற்கிறது, உங்களுக்கு எப்படி ஓடுகிறது?

தெப்பக்குளத்துக்காரி:

வணக்கம். சிரிக்காதீர்கள், இது என் நான்காவது நோட்டு. முதல் மூன்றும் பன்னிரண்டு பதினைந்து பக்கத்தோடு பீரோவுக்குள் கிடக்கின்றன. நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், வீடு வந்து சேர ஏழாகிவிடும், சமையல் முடிந்து பையன் வீட்டுப்பாடம் முடிந்து ஒன்பதரைக்கு மேல்தான் சாப்பாட்டு மேஜை எனக்குக் கிடைக்கும். வரைய ஆசையில்லாமல் இல்லை. போன பிறந்தநாளுக்குத் தங்கை நல்ல வாட்டர் கலர் பேடு ஒன்று வாங்கிக் கொடுத்தாள், 300 ஜிஎஸ்எம், அட்டை மாதிரி கனமான தாள். அதைத் திறந்தாலே கை ஓடவில்லை, ஒரு தாள் இத்தனை ரூபாய் என்று மனசு கணக்குப் போடுகிறது. அதே நேரம் பையனின் ரஃப் நோட்டில் போன் பேசிக்கொண்டே கிறுக்கினேனே, இட்லிக் கொப்பரை, மாடிப்படிப் பூனை, வாயைத் திறந்தபடி தூங்கும் வீட்டுக்காரர், எல்லாம் உயிரோடு இருக்கின்றன!

இன்னொன்று. கலந்து கட்டிச் செய்ய எனக்குப் பிடிக்கும், போஸ்டர் துண்டு, பூ மடித்து வந்த பேப்பர், பஸ் டிக்கெட் எல்லாம் ஒட்டி மேலே அக்ரிலிக் பூசுவேன். நோட்டு உப்பிப்போய் மூட மாட்டேன் என்கிறது. சித்திரை வெயிலில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது பாதிப் படம் அங்கிட்டும் பாதி இங்கிட்டுமாகக் கிழிந்தது. அன்றைக்கு நிறுத்தியதுதான். இதற்கிடையில் அத்தை வேறு "இந்தக் குப்பையையெல்லாம் எதுக்குத்தான் சேக்குறியோ" என்கிறார்.

விடாமல் செய்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ஒத்தக்கடை மொட்டைமாடி:

நான் விடாமல் செய்ய ஒரே காரணம் சோம்பேறித்தனம். என்ன வரையலாம் என்று யோசிப்பதில்தான் என் நேரம் போய்க்கொண்டிருந்தது, அதனால் யோசிப்பதையே நிறுத்திவிட்டேன். எங்கள் மொட்டைமாடியில் நின்றால், படுத்த யானை மாதிரி இருக்கும் யானைமலை நேராகத் தெரியும். அதையேதான் வரைகிறேன், இதுவரை எண்பதைத் தாண்டியிருக்கும். அளவு கலியாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம், நேரம் ஒரு காபி ஆறுகிற வரை.

பொருள் மட்டும்தான் மாறும். ஒருநாள் பால்பாயின்ட். ஒருநாள் மெழுகுவர்த்தியால் மலை விளிம்பைக் கீறிவிட்டு மேலே நீலத்தைத் தண்ணீராக ஓடவிட்டேன், மெழுகு பட்ட இடத்தில் கலர் ஒட்டாமல் கோடு வெள்ளையாக எழுந்து வந்தது. ஒருநாள் காபி டிகாக்‌ஷன், சர்க்கரை போடுவதற்கு முன் எடுத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால் முதல் தடவை சர்க்கரை போட்டதில் பிரஷ்ஷை முக்கிவிட்டேன், காலையில் யானையின் தும்பிக்கை மேல் நிஜ எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

ரொம்பப் பிடித்தது ஆரத்திச் சிவப்பு. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, காய்வதற்குள் சுண்ணாம்பு தொட்ட விரலை வைத்தால் அந்த இடம் மட்டும் குபுக்கென்று சிவக்கும், சாயங்கால மலை தானாக வந்துவிடும். ஆனால் நிற்காது. நாலு நாளில் சிவப்பு பழுப்பாகி மறுபடி மஞ்சள் பக்கம் போகிறது, அந்த மஞ்சளையும் வெயில் தின்றுவிடும். முதலில் வருத்தமாக இருந்தது, இப்போது மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு அட்டையை அதன் போக்கில் விட்டுவிடுகிறேன். செம்பருத்திச் சாறும் அப்படித்தான், எலுமிச்சை விட்டால் ரோஸ், சோடா உப்பு போட்டால் பச்சைக்குப் போகும். பையனையும் கூட உட்காரவையுங்கள், இதில் அவன்தான் உங்களைவிட லந்து பண்ணுவான்.

அந்த 300 ஜிஎஸ்எம் பேடை நாலாக வெட்டிவிடுங்கள். தாள் சின்னதானால் பயமும் சின்னதாகும்.

அச்சாபீஸ் தம்பி:

அக்கா, ஒட்டிக்கொண்ட பக்கத்துக்கு வருகிறேன், அது உங்கள் தப்பில்லை. அக்ரிலிக் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் சூடு ஏறினால் இளகும் பிளாஸ்டிக் அது. அதை முகத்தோடு முகம் வைத்து மூடி, மேலே நாலு நோட்டை அடுக்கி, மதுரை வெயிலில் பீரோவுக்குள் வைத்தால் ஒட்டத்தான் செய்யும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். இல்லையென்றால் முகப்பவுடரைத் துளி எடுத்துத் துணியால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், பிசுபிசுப்பு குறையும். நோட்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

உப்புவதற்கு எங்கள் பைண்டிங் அண்ணன் செய்வதைச் சொல்கிறேன். மூன்று தாளுக்கு ஒரு தாளை, தையல் ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். ஒட்டுகிற கனத்துக்கு முன்கூட்டியே இடம் கிடைத்துவிடும். ஒட்ட ஒட்ட முதுகு பிதுங்காது. முழுசாகக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்று வரும், அதனால்தான் ஒரு அங்குலம்.

பசை: ஃபெவிக்காலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிசாக இழுத்து ஒட்டுங்கள். ஒட்டும் பேப்பர் பசையின் ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கித் தாளை இழுக்கும், பக்கம் வளைவது அதனால்தான். பின்பக்கமும் ஏதாவது ஒரு பேப்பரை ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். ராத்திரி மேலே அம்மிக்குழவியை வையுங்கள்.

மைதா பசை காய்ச்ச வேண்டாம். புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு அது கறிவிருந்து. பைண்டிங்கில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சே கூடாது.

அப்புறம் டிக்கெட். மெஷினில் வருவது தெர்மல் பேப்பர், சில மாசத்தில் எழுத்து மறைந்து வெள்ளைத்தாள் ஆகிவிடும், சூடு பட்டால் கறுக்கும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம், பசை பட்டதும் கலர் ஓடிவிடும். ஜெராக்ஸ் மை கரையாது.

வெட்டி விழும் துண்டு அட்டை அச்சகங்களில் மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் சும்மாவே அள்ளித் தருவார்கள்.

பழைய டிராயிங் வாத்தியார்:

எல்லாம் சரிதான், ஒரு சின்ன மாறுபாடு. மஞ்சள், சுண்ணாம்பு, பவுடர் என்று விளையாட்டுப் பொருள் கூடக்கூடக் கோடு மறந்துபோகும். ஆசையோடு பொருள் வாங்கிக் குவித்துவிட்டு வரைவதை விட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நீங்கள் ரஃப் நோட்டில் போட்ட பூனை நன்றாக இருப்பது ஏன் தெரியுமா அம்மா, போன் பேசும்போது நீங்கள் தாளைப் பார்க்கவில்லை, பூனையைப் பார்த்தீர்கள். தெரிந்தே அதைச் செய்யுங்கள். தாளைப் பார்க்காமல், பேனாவை எடுக்காமல், கண் போகிற வேகத்தில் கையும் போகட்டும். மூக்கு காதுக்குப் பக்கத்தில் வரும், வரட்டும். ஞாயிற்றுக்கிழமை பையனோடு திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய் ஒரே ஒரு தூணின் தலைப்பை இப்படி வரைந்து பாருங்கள். முழுத் தூணை வரைய ஆசைப்பட வேண்டாம், அது நம்மை மிரட்டிவிடும்.

போஸ்டர் ஒட்டுவதாகச் சொன்னீர்களே, அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1912இல் பிக்காசோ நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த் துணியைப் படத்தில் ஒட்டினார். 1949இல் பாரிஸில் ரேமோன் ஹெய்ன்ஸ், ஜாக் வில்லெக்லே என்ற இருவர் இதையே தலைகீழாகச் செய்தார்கள். தெருச்சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிழிந்துபோன போஸ்டர்களை அப்படியே உரித்துக்கொண்டு போய்ப் படமாக மாட்டினார்கள். ஒட்டுவது மட்டும் இல்லை, கிழிப்பதும் வரைவதுதான். மதுரைச் சுவர்களைப் பார்த்திருந்தால் அவர்கள் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். காதுகுத்துக்கு மேல் கண்ணீர் அஞ்சலி, அதன் மேல் பிறந்தநாள் வாழ்த்து. ஆகவே நாலைந்து அடுக்கு ஒட்டி, ஈரம் பாதி காய்ந்ததும் நகத்தால் உரித்துப் பாருங்கள். சுவரிலிருந்து எடுப்பதாக இருந்தால் விசேஷத் தேதி முடிந்த போஸ்டராகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் வம்பு.

விளாச்சேரி ரோடு:

அத்தை விஷயத்தை யாரும் தொடவில்லையே. நானும் அதே மேஜைதான், அதே "குப்பை"தான். ஒரு பிஸ்கட் டப்பா வைத்துக்கொண்டேன். கத்தரிக்கோல், பசை, இரண்டு பேனா, ஒட்ட வேண்டிய துண்டுகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், மூடி மூடவில்லையென்றால் எதையாவது தூக்கிப் போட வேண்டும். குறை சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. எடுத்து விரிக்கப் பத்து நிமிஷம் ஆகிற வரைக்கும் நானும் வரையாமல்தான் இருந்தேன்.

கோலமாவை ஃபெவிக்காலில் குழைத்துப் பூசினால் தாள் சுவர் மாதிரி சொரசொரவென்று வரும், அதன்மேல் கரி ஓட்டினால் அத்தனை அழகு. மெல்லிசாகப் பூசுங்கள், தடித்தால் பக்கம் திருப்பும்போது வெடித்துக் கொட்டும்.

தெப்பக்குளத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பேடை வெட்டிவிட்டேன், வெட்டும்போது தங்கைக்குச் சொல்லவில்லை. ஓடுகிற ஃபேனையும் மாவாட்டும் அத்தையையும் தாளைப் பார்க்காமல் வரைந்தேன், அத்தைக்கு மூன்று கை வந்தது. டப்பா கிடைக்கவில்லை, முறுக்கு வாளி ஒன்று காலியாக இருந்தது, அதுதான் இப்போதைக்கு.

அடுக்கி ஒட்டி உரிக்கிற வேலையை நேற்று பையனோடு செய்தேன். வாத்தியார் சார், பாதி காய்ந்ததும் என்றால் எவ்வளவு நேரம்? எனக்கு அடி அட்டை வரைக்கும் சேர்ந்து வந்துவிட்டது. ஆனால் கிழிந்த இடத்தில் போன வருஷக் காலண்டரின் மீனாட்சி ஒற்றைக் கண்ணோடு எட்டிப் பார்க்கிறாள், அதைக் கிழிக்க மனசில்லாமல் அப்படியே வைத்துவிட்டேன். குப்பை என்ற அத்தை இன்று காலை அதை எடுத்து சாமி அலமாரியில் வைத்திருக்கிறார், திருப்பிக் கேட்கவும் முடியவில்லை.

பழைய டிராயிங் வாத்தியார்:

ஃபேன் ஓடினால் பத்து நிமிஷம், இல்லையென்றால் இருபது. பசை கண்ணாடி மாதிரி ஆவதற்குள், வெள்ளை கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே உரிக்க வேண்டும். அத்தைக்கு மூன்று கை வந்த படத்தை இங்கே போடுங்கள்.