எலும்பு மருந்து புற்றுநோய்க்கு எதற்கு?

தேவகோட்டைப் பேரன்:
அப்பத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனுக்கு அப்புறம் நன்றாகத்தான் இருந்தார்கள். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திரிக்க ஆரம்பித்தபோது வயசு வலி என்றே நினைத்தோம். ஸ்கேனில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு இரண்டிலும் பரவல். மதுரை டாக்டர் லெட்ரோசோல் மாத்திரையோடு ஜோலிட்ரானிக் ஆசிட் டிரிப் எழுதியிருக்கிறார். மருந்துக் கடையில் கேட்டால் எலும்புத் தேய்மானத்துக்குப் போடுவது என்கிறார்கள். கட்டியை விட்டுவிட்டு எலும்புக்கு ஏன் மருந்து? மனசு கேட்கவில்லை.

காரைக்குடி டீச்சர்:
தம்பி, டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். புற்றுச் செல் தனியாக வளர்வதில்லை. பக்கத்தில் இருக்கும் ரத்தக் குழாய், நார்த்திசுச் செல், எதிர்ப்புச் செல் என்று எல்லாவற்றையும் தனக்கு வேலை செய்ய வைத்துவிடும். 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்தார். மண்ணீரலுக்கும் ரத்தம் நிறையப் போகிறது, ஆனால் அங்கே பரவல் அபூர்வம். கல்லீரலிலும் எலும்பிலும் அதிகம். விதை எங்கும் போகும், தோதான மண்ணில்தான் முளைக்கும் என்றார்.

எலும்பு ஏன் தோது? அங்கே பழைய எலும்பை அரிக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் எப்போதும் வேலை பார்க்கின்றன. வந்து சேர்ந்த புற்றுச் செல் ஒரு புரதத்தைச் சுரந்து, கட்டும் செல் வழியாக அரிக்கும் செல்லைத் தூண்டிவிடும். எலும்பு கரையும்போது அதற்குள் சேமித்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வரும். அதில் டிஜிஎஃப்-பீட்டா முக்கியமானது. அது பட்டதும் புற்றுச் செல் அந்தப் புரதத்தை இன்னும் அதிகமாகச் சுரக்கும். எலும்பு மேலும் கரையும். அப்பத்தாவுக்கு வலி வருவது இதனால்தான்.

ஜோலிட்ரானிக் ஆசிட் அந்த அரிக்கும் செல்லை முடக்குகிறது. கட்டி வளரத் தேவையான ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைத்து அதைக் கட்டுப்படுத்துவது லெட்ரோசோலின் வேலை. டிரிப், எலும்பு முறியாமலும் வலி ஏறாமலும் காக்கிறது. இரண்டும் வேண்டும், ஒன்றை நிறுத்திவிடாதீர்கள்.

பள்ளத்தூர் மகள்:
எங்கள் ஆத்தாவுக்கும் இதே டிரிப்தான். போடுவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் கண்டிப்பாகக் காட்டுங்கள். டிரிப் ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் ஏற்ற மாட்டார்கள், சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுப்பார்கள். முதல் டிரிப்புக்கு மறுநாள் ஆத்தாவுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து, நாங்கள் பதறிப் போனோம். பலருக்கும் வருவதுதானாம், தானாக இறங்கிவிட்டது.

தேவகோட்டைப் பேரன்:
நன்றி டீச்சர், நன்றி அக்கா. அப்பத்தாவுக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டு, கடைவாய்ப் பல் இரண்டு ஆடுகிறது. டாக்டரிடம் இதைச் சொல்லவே இல்லை. நாளைக்கே பேசிவிட்டு, பல்லைக் காட்டிய பிறகு டிரிப் தேதி கேட்கிறேன்.

காரைக்குடி டீச்சர்:
பல் பிடுங்க வேண்டியிருந்தால் புண் ஆற எத்தனை நாள் விட வேண்டும் என்று இரண்டு டாக்டரையும் கேளுங்கள், தம்பி. லெட்ரோசோல் மட்டும் நிற்காமல் போகட்டும்.