சாயங்காலம் ரெண்டு வாண்டுகளை சமாளிக்க ஐடியா குடுங்கப்பா

அப்பாக்கள் யாராச்சும் இருந்தா கொஞ்சம் கை குடுங்க. பொண்ணுக்கு 3 வயசு, பையனுக்கு 7. அவங்க அம்மாவுக்கு இப்போ சாயங்கால ஷிஃப்ட், அதனால தூங்கப் போற வரைக்கும் நான்தான் ஃபுல் டூட்டி. போனை கையில குடுத்தா வேலை ஈஸிதான், ஆனா திரும்ப வாங்கும்போது நடக்கற ரகளை இருக்கே, அதுக்கு குடுக்காமலே இருக்கலாம்.

இப்போதைக்கு செம ஹிட்டு நிழல் விளையாட்டு. லைட்டை அணைச்சுட்டு சுவத்துல டார்ச் அடிச்சு, ரெண்டு கட்டைவிரலையும் கோர்த்து மத்த விரலை விரிச்சு ஆட்டினா பறவை பறக்கும், கையை டார்ச் கிட்ட கொண்டு போனா நிழல் பூதமா பெருசாகும், சுவத்துக்கிட்ட போனா சின்னதாகி ஓரம் தெளிவா வரும், இதை பையனே கண்டுபிடிச்சுட்டு இப்போ என்னை டார்ச் பிடிக்க மட்டும்தான் விடறான். போர்வை கூடாரம், காகித ராக்கெட் எல்லாம் ஓடுது. கண்ணாமூச்சில சின்னவ ஒளிஞ்ச உடனே "நான் இங்க இருக்கேன்"னு கத்திடுவா, பெரியவன் கடுப்பாயிடறான்.

சிக்கலே அதுதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஆடற மாதிரி, ஜெயிக்கறது தோக்கறது இல்லாத கேம் ஏதாச்சும் சொல்லுங்க. காசு குடுத்து வாங்கற பொம்மை வேணாம், ரெண்டு நாள்ல மூலைக்கு போயிடுது. அப்புறம் நான் படுத்துக்கிட்டே ஆடற மாதிரி ஒண்ணு இருந்தா கோடி புண்ணியம், டாக்டர் விளையாட்டுல நிரந்தர பேஷண்ட் நான்தான், அதுவும் இப்போ அவங்களுக்கு போர் அடிச்சிருச்சு.