லைஃப் இன் தி யூகே பரீட்சை: ஐம்பது தாண்டியவர்கள் எப்படிப் படித்தீர்கள்?

வணக்கம் உறவுகளே. நானும் மனைவியும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம், பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முன் இந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ண வேண்டும். 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக வந்தால் போதும் என்பதெல்லாம் தெரியும். நாடாளுமன்றம், ஜூரி, வரி பற்றிய பகுதிகள் பரவாயில்லை, இங்கே வேலை செய்ததிலேயே பாதி பழகிவிட்டது. வரலாறுதான் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. 1066 ஹேஸ்டிங்ஸ் போர், 1215 மக்னா கார்ட்டா உரிமைச் சாசனம் வரை ஒருமாதிரி சமாளிக்கிறேன், அப்புறம் எட்டாம் ஹென்றி மன்னர் வந்து நிற்கிறார், ஆறு மனைவிகளில் மூன்று பேர் கத்தரின், இரண்டு பேர் ஆன், இதில் எந்தக் கத்தரினுக்கும் எந்த ஆனுக்கும் தலை போனது என்று இரவு வேலை முடிந்து வந்து எப்படி ஞாபகம் வைப்பது? பெண்கள் வாக்குரிமையும் அப்படித்தான், 1918இல் முப்பது வயதுக்கு மேல், 1928இல் ஆண்களுக்குச் சமமாக, கேள்வியில் பார்த்தால் இரண்டுமே சரிபோல இருக்கும்.

அண்மையில் எழுதியவர்கள் சொல்லுங்கள், அதிகாரபூர்வக் கைநூலை முழுதாக வாசித்தீர்களா, மாதிரி வினாக்களே போதுமா? தமிழில் குறிப்பு எடுத்து வைத்திருந்தால் படம் பிடித்து அனுப்புவீர்களா? மனைவிக்கு மவுஸ் பிடித்தே பழக்கமில்லை, பரீட்சையோ கம்ப்யூட்டரில். நிலையத்தில் தொடங்குமுன் கொஞ்சம் பழகிப் பார்க்க விடுவார்களா? 50 பவுண்ட் கட்டிப் பதிவு செய்யுமுன் தெரிந்தால் நல்லது.